பத்ரோனாவின் வாளி

தார்தோவுக்கு மனிதர்களை முன்பக்கத்திலிருந்து பார்த்துப் பழக்கமில்லை. வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், கை கொடுப்பதற்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். இடுப்பு அகலம், கால் உயரம், வாய் அகலம். அதற்குள் தீர்ப்பு முடிந்துவிடும்: இது குளிர்காலத்தைத் தாண்டும், இது தாண்டாது. முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் எல்பியாவைப் பெண் கேட்டு வந்தபோது அவள் அப்பாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வாய் அகலம், கால் குட்டை, நல்லா தாங்கும்." அப்பாவும் மாட்டுக்காரர். மனம் குளிர்ந்து உடனே சம்மதித்துவிட்டார். எல்பியா மட்டும் கண்ணாடியில் வாயைப் பார்த்துப் பார்த்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

பிறகு பழகிவிட்டது. முப்பத்து நான்கு வருஷத்தில் அதைவிட இனிப்பான வார்த்தை ஒன்றும் அந்த மனுஷன் வாயிலிருந்து வரவில்லை என்பதும் பழகிவிட்டது. எல்லா நல்ல வார்த்தையும் மாட்டுக்குப் போய்விடும். "என்ன இடுப்பு, என்ன முதுகு" என்று அவர் உருகுவதைக் கேட்டுக்கொண்டே அவள் பாத்திரம் கழுவுவாள்.

சொரீனோ கடவு என்கிற அந்த ஊர் உருகுவேயின் வடக்கு மேட்டில் இருக்கிறது. பதின்மூன்று வீடு, ஒரு கடை, மீதியெல்லாம் புல். பதின்மூன்றில் பதினொன்று மாட்டு வீடு. பதினொன்றும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்துக்கு ஒரே வாக்குதான்: எங்கள் மாடு பிறந்த நாளிலிருந்து புல்லைத் தவிர வேறெதையும் தின்னாது. ஒரு பிடி சோளம் கிடையாது, ஒரு கை தவிடு கிடையாது. அந்த வாக்கை நம்பித்தான் அவர்கள் இறைச்சியை ஊர் உலகம் கேட்டு வாங்கியது. அதைக் காத்து வந்தவர் செல்மீரா. அவர் கால்நடை மருத்துவர். சங்கத்துக்கும் அவரே தலைவி. அரைவாசி ஊரின் மாடுகளுக்குள் முழங்கை வரை கை விட்டுப் பார்த்தவர் என்பதால் அவரிடம் பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அந்தச் சங்கத்தில் புல் பித்து அதிகம் பிடித்தவர் தார்தோதான். உயரமான மாட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தின்ற புல்லெல்லாம் காலுக்கே போய்விடும், முதுகுக்கு என்ன மிஞ்சும் என்பார். பக்கத்துப் பண்ணை ஒலெகாரியோ ஒரு தடவை பட்டணத்துக் கண்காட்சியில் சோளம் தின்று வளர்ந்த பொலிகாளை ஒன்றை வாங்கி வந்தார். கூரையை எட்டிப் பார்க்கிற உயரம். தார்தோ அதன் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு, "ஏணி நல்லாருக்கு, காளை எப்ப வரும்?" என்று கேட்டார். ஒரே குளிர்காலத்தில் ஏணி படுத்துவிட்டது. ஒலெகாரியோ அதை மறக்கவேயில்லை.

தார்தோவின் தேர்வு நாள் ஆகஸ்ட் முப்பத்தொன்று. அந்தப் பக்கம் குளிர்காலம் ஜூனில் தொடங்கும்; உறைபனி மூன்று மாதம் புல்லைச் சுட்டுத் தீர்த்திருக்கும் நேரம். அன்று காலை ஒவ்வொரு பசுவின் பின்னாலும் போய் நின்று, வால் அடியில் இரண்டு பக்கமும் முஷ்டியை வைத்து அமுக்குவார். முஷ்டி உள்ளே போகாமல் நின்றால் பசு வீட்டில் இருக்கும். குழியில் இறங்கிவிட்டால் லாரி ஏற வேண்டியதுதான். அழகு, சாந்தம், பழைய பாசம், எதுவும் செல்லாது. எல்பியாவின் ஞானத்தாய் சீராகக் கொடுத்த பசுவையே ஏற்றி அனுப்பியவர் அவர். ஞானத்தாய் அதன் பிறகு கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை.

இனி எல்பியாவின் குற்றத்துக்கு வருவோம்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிடாரி இருந்தது. சிவப்பு உடம்பு, வெள்ளை முகம், குட்டைக் கால். தார்தோ அதற்கு பத்ரோனா, அதாவது வீட்டு எஜமானி, என்று பேர் வைத்தார். எல்பியாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்தக் கிடாரி வெறும் புல்லுல குளிர்காலத்தைத் தாண்டி உருண்டையா நிக்கும். நிக்கலேன்னா திருவிழாவுல நான் பாவாடை கட்டிக்கிட்டுக் குதிரை ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஒலெகாரியோ அன்றைக்கே தன் மனைவியிடம் பாவாடை அளவு கேட்டதாகக் கேள்வி.

ஜூலை நடுவில் அந்தக் கிடாரியின் இடுப்பெலும்பில் தொப்பியை மாட்டி வைக்கலாம் போல ஆகிவிட்டது. தார்தோ விடிகாலையில் வேலியோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கையில் மாத்தே என்கிற இலைக் கஷாயம் ஆறிப்போகும். ஒரு வாய்கூட உறிஞ்சியிருக்க மாட்டார். மாத்தே குடிக்காத தார்தோவை எல்பியா அதற்கு முன்னால் பார்த்தது அவர் அப்பா செத்த அன்றைக்குத்தான். அவளுக்குத் தாங்கவில்லை. அவர் குதிரையேறித் தூரத்து மேட்டுக்குப் போனதும், கல் மாதிரி இருக்கும் நாட்டு பிஸ்கட்டை நாலைந்து எடுத்து வெந்நீரில் ஊறவைத்தாள். ஒரு கை சோள மாவு போட்டாள். பாதிப் பூசணிக்காயை நறுக்கிப் போட்டாள். சமையலறை ஜன்னலைத் திறந்து வாளியை நீட்டினாள். ஜன்னலுக்கு வெளியே வேலி போட்ட சின்னப் புல்வெளி. கிடாரி ஒரே ஓட்டமாக வந்தது.

ஒரு நாளைக்கு என்றுதான் நினைத்தாள். எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறோம்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றில் முஷ்டி உள்ளே போகவில்லை. தார்தோ சமையலறைக்குள் ஓடி வந்து எல்பியாவைத் தரையிலிருந்து அரையடி தூக்கி இறக்கினார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படித் தூக்கவில்லை. அந்த அரையடி உயரத்திலிருந்து உண்மையைச் சொல்ல எவளால் முடியும்? அவள் சொல்லவில்லை. அடுத்த குளிர்காலத்தில் வாளி பெரிதாயிற்று.

இவ்வளவு பிஸ்கட்டும் மாவும் எங்கே போகிறது என்று தார்தோ கேட்காமலில்லை. அதற்காகவே எல்பியா ஒரு பன்றி வளர்த்தாள். "பன்றிக்கு" என்பாள். பன்றிக்கு உண்மையில் கிடைத்தது வாளி கழுவின தண்ணீர். தினம் ஒரு வாளி தின்றும் தேறாத பன்றியைப் பார்த்துத் தார்தோவுக்கு ஆத்திரம் வந்தது. வம்சம் சரியில்லை என்று அதைக் கழித்துவிட்டு வேறு வம்சத்தில் வாங்கி வந்தார். அதுவும் தேறவில்லை. இப்படிப் பதினொரு வருஷத்தில் நான்கு பன்றி. மூன்று வெவ்வேறு ஊரிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார். ஐந்தாவது பன்றி இப்போது கொட்டிலில் விலா எண்ணிக்கொண்டு நின்றது.

பத்ரோனாவோ வருஷா வருஷம் உருண்டு திரண்டு நின்றது. அதன் ஐந்து மகள்களைத் தார்தோ தூரத்து மேட்டு மந்தையில் வைத்துக்கொண்டார். மகன் ஒன்றைப் பொலிகாளையாக விட்டார். குட்டையாக, அகலமாக, புட்டி மூடியாட்டம் இருந்ததால் அதற்கு தபோன் என்று பேர். மூடி என்றே அர்த்தம்.

இந்த மே மாதம் சங்கம் கூடி, பதினொரு வீட்டுக்கும் பொதுவாக மூன்று வருஷத்துக்கு ஒரு பொலிகாளை எடுப்பது என்று முடிவு செய்தது. தார்தோ தபோனைக் காட்டப்போவதாகச் சொன்னார். செல்மீராவின் சட்டம் எளிது: காளையைப் பார்க்கும் முன்னால் தாயைப் பார்ப்பார். தாய் புல்லைத் தவிர வேறு தின்றதில்லை என்று அந்த வீட்டார் வாக்குக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட ராத்திரி எல்பியாவுக்குத் தூக்கம் போனது. தார்தோ சந்தோஷமாகக் குறட்டை விட்டார்.

சங்கத்தார் வருகிற அன்று எல்பியா முன்னெச்சரிக்கையாக ஒரு காரியம் செய்தாள். விடிவதற்குள் பத்ரோனாவுக்கு இரண்டு வாளி வைத்தாள், வயிறு நிறைந்தால் ஜன்னல் பக்கம் தலை காட்டாது என்று. மாட்டுக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. இன்று விசேஷ நாள் போலிருக்கிறது, மூன்றாவதும் வரும் என்று அது முடிவு செய்துகொண்டது.

இருபது பேர் வந்து வாசலில் வட்டமாக நின்றார்கள். மாத்தே கை மாறிக்கொண்டிருந்தது. தார்தோ நெஞ்சை நிமிர்த்தி, "வெறும் புல்லு. நான் பாக்க வளர்ந்தது. ஒரு தவிட்டுத் தூசி அது வாயில பட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்பியா ஜன்னல் கதவைச் சாத்திக் கொக்கி போட்டு, குறுக்கே மேஜை விரிப்பைத் தொங்கவிட்டு, விருந்தாளிகளுக்குப் பொரித்த ரொட்டித் தட்டை ஜன்னலோர மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அது அவள் செய்த தப்பு.

டொக். டொக்.

எல்பியா இருமினாள்.

டொக். டொக். டொக்.

"உள்ள யாரோ தட்டுறாங்க போலிருக்கே" என்றார் ஒலெகாரியோ.

"காத்து" என்றாள் எல்பியா.

"காத்தா? மரத்துல ஒரு இலை அசையல."

"சமையல்கட்டுல மட்டும் அடிக்கும். பழைய வீடு."

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து நீண்ட ஒரு கத்தல் கேட்டது. வீட்டு எஜமானி பொறுமையிழந்த கத்தல். தொடர்ந்து ஒரு மரம் முறிகிற சத்தம், ஒரு தட்டு உடைகிற சத்தம். எல்லாரும் பின்பக்கம் ஓடினார்கள். பத்ரோனா கழுத்து வரை சமையலறைக்குள் இருந்தது. வெளியே மீதி மாடு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. செல்மீரா மெதுவாக உள்ளே போய்ப் பார்த்தார். மாட்டின் தலையில் மேஜை விரிப்பு முக்காடு போட்டது போலக் கிடந்தது. அது இருபது பேருக்கான ரொட்டியில் பதினேழாவதைத் தின்றுகொண்டிருந்தது. ஆள் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வாளி எங்கே என்பது போல் மட்டும் அடுப்புப் பக்கம் பார்த்தது.

"எல்பியா," என்றார் செல்மீரா, "இந்த மாட்டுக்கு வீடு நல்லாப் பழக்கம் போல."

இனி இருமிப் பிரயோஜனமில்லை. எல்பியா ஈரக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். பிஸ்கட், மாவு, பூசணி, பதினொரு குளிர்காலம். எல்லாருக்கும் முன்னால், ஒன்று விடாமல். சொல்லும்போது அவள் தார்தோவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் காலணியைத்தான் பார்த்தாள். அந்தக் காலணி வெகுநேரம் அசையாமல் நின்றது.

கடைசியில் தார்தோ வாயைத் திறந்தார். "அப்ப அந்தப் பன்னிங்க?"

"கழுநீர்தான் குடிச்சிது" என்றாள் எல்பியா.

"நாலு பன்னி," என்றார் தார்தோ. தொப்பியைக் கழற்றினார். "நாலு நல்ல பன்னியைக் கழிச்சுட்டேனே."

ஒலெகாரியோ வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்குமுன், "தார்தோ, பதினோரு வருஷத்துப் பாவாடை பாக்கி இருக்கு. பொம்பளைங்க யாராவது இவருக்கு இடுப்பளவு எடுங்கப்பா" என்றார். தார்தோ காதில் எதுவும் ஏறவில்லை. செல்மீராவைப் பார்த்து, "காளையை எடுத்துக்க வேணாம். தாயைப் பத்தி நான் குடுத்த வாக்கு பொய்யாப்போச்சு" என்றார்.

செல்மீரா அப்படி லேசில் விடுகிறவர் இல்லை. "பொய்யா நெஜமான்னு இந்தக் குளிர்காலம் சொல்லட்டும். ஜன்னலை மூடுங்க. ஆகஸ்ட் முப்பத்தொண்ணு நான் வரேன். புல்லுலயே மாடு தாங்கிச்சுன்னா தபோன் எங்களுக்கு. தாங்கலேன்னா இல்ல." அப்படியே ஒப்பந்தமாயிற்று.

தார்தோ அன்று மாலையே ஜன்னலுக்குப் பலகை அடித்தார். எல்பியாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எட்டு ஆணி தேவைப்பட்ட இடத்தில் இருபத்தாறு அடித்தார்.

ஊர் சும்மா இருக்குமா? எல்பியா கடைக்குப் போனால் ஒருத்தி சமையல் குறிப்புக் கேட்பாள். இன்னொருத்தி, "எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வாளி வையேன், இடுப்பு தேறட்டும்" என்பாள். இதெல்லாம் பரவாயில்லை. கடைக்காரர் ஒரு நாள் யாரிடமோ சொன்னது மட்டும் உள்ளே தைத்துவிட்டது. "தார்தோ முப்பது வருஷம் பாடுபட்டு மாடு வளத்தாரு. அந்தப் பொம்பள ஒரு வாளியால எல்லாத்தையும் கெடுத்துட்டா. இனி அது மாட்டு வம்சமில்ல, பிஸ்கட் வம்சம்." எல்பியா வாங்க வந்த மாத்தே இலையை வாங்காமலே திரும்பினாள். வீட்டில் தார்தோ கேட்டதற்கு, கடையில் இலை தீர்ந்துவிட்டது என்றாள். மாத்தே இலை தீர்ந்துபோகிற கடை உருகுவேயில் கிடையாது. மறுநாள் தார்தோவே போய் வாங்கி வந்தார். வந்தவர் முகம் கறுத்திருந்தது. அதற்குப் பிறகு எல்பியா கடைப் பக்கமே போகவில்லை.

ஜூனில் பத்ரோனா தினமும் பலகையடித்த ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றது. தட்டியது. காத்திருந்தது. எல்பியா உள்ளே காதைப் பொத்திக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள், வெங்காயம் இருந்தால் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பழக்க தோஷத்தால் கை தினமும் ஒரு வாளி கலந்துவிடும். அதைப் பன்றிக்கு வைத்தாள். ஐந்தாவது பன்றிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நல்ல காலம் பிறந்தது. ஒரு மாதத்தில் அது கொட்டில் கதவில் சிக்குகிற அளவுக்கு ஊதியது. தார்தோ அதைப் பின்னால் நின்று பார்த்து, "மன்னிச்சுக்கடா" என்று சொன்னதை எல்பியா கேட்டாள்.

ஜூலை பிறந்ததும் பத்ரோனாவின் இடுப்பெலும்பு வெளியே வந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே எலும்பு. அவ்வளவுதான், தபோன் போயிற்று, மனுஷனின் முப்பது வருஷம் போயிற்று, ஊர் சொன்னது சரிதான் என்று எல்பியா முடிவுகட்டிவிட்டாள்.

ஆனால் ஜூலை கடைசியில் எலும்பு மறுபடி உள்ளே போயிற்று. எல்பியா முதலில் கண்ணை நம்பவில்லை. புல்லே இல்லாத காலத்தில் மாடு எப்படித் தேறும்? தெய்வ சங்கல்பம் என்று நினைத்து மெழுகுவர்த்திகூட ஏற்றினாள். கூடவே இன்னொன்றும் நடந்தது. பன்றி இளைத்தது. வாளியைத் தினம் கொட்டிலில் வைத்துவிட்டு வருகிறாள். காலி வாளியைத்தான் எடுக்கிறாள். பன்றிக்கோ விலா தெரிகிறது. பூச்சியோ என்னவோ என்று நினைத்து, ஒரு மத்தியானம் எல்லாரும் படுக்கிற நேரத்தில் மருந்தோடு கொட்டிலுக்குக் கிளம்பினாள்.

கொட்டிலுக்குப் பின்னால் தார்தோ சேற்றில் மண்டியிட்டிருந்தார். வீட்டுக்குள் படுத்திருப்பதாக அவள் நினைத்த தார்தோ. மடியில் வாளி. வாளிக்குள் பத்ரோனாவின் முகம்.

"சீக்கிரம் தின்னு, வெக்கங்கெட்டவளே," என்று அவர் அதன் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். "மெதுவா மெல்லுறியே, இது என்ன கல்யாண விருந்தா? என் மானம் வாளியில இருக்கு."

கொட்டிலுக்குள்ளிருந்து பன்றி பலகை இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்பியா சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவரும் பூனை நடை நடந்து வந்து பக்கத்தில் படுத்தார். பூசணி வாசனை அடித்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. சிரிக்க வேண்டிய காட்சிதான், ஆனால் சிரிப்பு வரவில்லை. தன் கல்யாணச் சீர் மாட்டையே லாரியேற்றின மனுஷன். ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான் என்று ஊர் நம்பின மனுஷன். ஒரு காளைக்காக இப்படிச் சேற்றில் மண்டியிட்டுவிட்டாரே. இந்த வழியைக் காட்டிக் கொடுத்தவள் தான்தானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று வந்தது. இருபது பேரும் வந்தார்கள். ஒலெகாரியோ கூடுதலாக நான்கு பேரைக் கூட்டி வந்திருந்தார்.

செல்மீரா பத்ரோனாவின் பின்னால் போய் நின்று முஷ்டியை வைத்து அமுக்கினார். நின்றது. மறுபக்கம் அமுக்கினார். அங்கேயும் நின்றது. "உருண்டையா இருக்கு" என்றார் அவர். பிறகு தார்தோ பக்கம் திரும்பினார். "வழக்கப்படி கேக்குறேன். இந்தக் குளிர்காலம் பூரா இந்த மாடு புல்லைத் தவிர எதையும் தின்னலேன்னு வாக்குக் குடுக்குறீங்களா, தார்தோ?"

தார்தோ வாயைத் திறந்தார். அவர் காது இரண்டும் சிவந்ததை எல்பியா பார்த்தாள். அவர் பொய் சொல்லப்போகிறார். வாழ்க்கையில் முதல் பொய், அதுவும் இருபத்து நான்கு பேர் முன்னால். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியாது. தன் பேர் ஏற்கெனவே கெட்டதுதான், இன்னும் கொஞ்சம் கெட்டால் என்ன?

"நான்தான் குடுத்தேன்" என்றாள் எல்பியா. "மறுபடியும் நான்தான். பழக்கம் விடல."

"அவ குடுக்கல" என்றார் தார்தோ. "நான் குடுத்தேன்."

"நீ சும்மா இரு, கிழவா. நான் குடுத்தேன்."

"நீ எங்க குடுத்தே? ஜன்னல்ல இருபத்தாறு ஆணி இருக்கு. நான் குடுத்தேன்."

ஒலெகாரியோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் குடுத்திருந்தா மாடு வெடிச்சிருக்குமே."

செல்மீரா கையைத் தூக்கினார். "வாளியில என்ன போட்டீங்க? ஆளுக்கொண்ணு சொல்லுங்க."

"பிஸ்கட், சோள மாவு, பூசணி" என்றாள் எல்பியா.

"அதெல்லாம் அவ பன்னிக்குக் கலந்து வெச்சது" என்றார் தார்தோ. "நான் அதைத் திருடி, மேல ஒரு கை உப்பு போட்டேன்."

"உப்பா?" எல்பியா அவர் பக்கம் திரும்பினாள். "யாராவது அதுல உப்பு போடுவாங்களா? பூசணி இனிப்புக்கு உப்பு சேருமா?"

"அதுக்கு உப்புதான் புடிச்சிது. உன்கிட்ட வாளியை நக்கிச்சா? என்கிட்ட நக்கும்."

"பதினோரு வருஷம் என் கையால தின்னது, என்கிட்ட உப்பு கேக்கல."

"போதும்" என்றார் செல்மீரா. "குடுத்தது இவருதான், தெரிஞ்சுபோச்சு. ஏன் குடுத்தீங்க, தார்தோ? ஒரு காளைக்காகவா? உங்ககிட்ட நான் இதை எதிர்பார்க்கல."

தார்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினார். மாட்டைப் பற்றிப் பேசுவதென்றால் நாள் முழுக்கப் பேசுகிற வாய், இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடியது.

"காளைக்காக இல்ல" என்றார். "மாடு இளைச்சிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? எல்பியாவோட வாளிதான் அதைத் தூக்கி நிறுத்திச்சு, அவதான் வம்சத்தைக் கெடுத்தான்னு சொல்லியிருப்பீங்க. கடையில அப்பவே சொல்லியாச்சு. அவ கடைக்குப் போறதையே விட்டுட்டா. மாடு வாளியில்லாமலே உருண்டையா நின்னா, அவ வாளி ஒண்ணும் பண்ணலேன்னு ஆயிடுமில்ல? அதுக்குத்தான். காளையைப் பத்தி நீங்க என்ன வேணும்னாலும் சொல்லிக்குங்க. எனக்குப் பரவாயில்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஒலெகாரியோகூடத் தரையைப் பார்த்தார். கடைக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

இத்தனை நாளும் அந்த மனுஷன் காளைக்காகச் சேற்றில் மண்டியிட்டார் என்று எல்பியா மனதுக்குள் அவரைக் கழித்து வைத்திருந்தாளே. அவளுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மாட்டின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

செல்மீரா கையைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கிழட்டுப் பசுவைக் கணக்குலேருந்து எடுத்தாச்சு. அது மாடே இல்ல, வீட்டு விருந்தாளி. ஆனா தூரத்து மேட்டுல அதோட மகளுங்க அஞ்சு நிக்குதே, அதுங்களுக்கு யாராவது வாளி தூக்கிக்கிட்டுப் போனீங்களா?"

"அவ்வளவு தூரம் யாரு தூக்குறது?" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"அப்ப வாங்க, போய் முஷ்டியை வெச்சுப் பார்ப்போம். அதுங்க தாங்கியிருந்தா தகப்பன் வழி நல்ல வழி. தார்தோ பொறுக்கின காளைங்க பொய் சொல்லாது. தபோனும் அதே வழிதானே." சொல்லிவிட்டு அவர் மேட்டைப் பார்த்து நடந்தார். கூட்டமும் பின்னால் போயிற்று. அரை மணி நேரம் கழித்து மேட்டிலிருந்து ஒலெகாரியோவின் குரல் காற்றில் வந்தது: "அஞ்சும் நிக்குதுப்பா, சனியன் புடிச்ச குட்டை மாடுங்க."

வேலியோரம் எல்பியாவும் தார்தோவும் மட்டும் நின்றார்கள்.

"கிழவா," என்றாள் எல்பியா, "காளையைப் பத்தி என்ன சொன்னாலும் பரவாயில்லேன்னு சொன்னியே. நெஜமாவா?"

தார்தோ யோசித்தார். இன்றைக்கு இனிமேல் பொய் வேண்டாம் என்று முடிவு செய்தவர் போல நேராக அவள் முகத்தைப் பார்த்தார். வழக்கம் போலப் பின்னால் சுற்றிப் போகவில்லை.

"இல்ல" என்றார். "ரொம்ப வலிச்சிருக்கும். ஆனா ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும்னா எதை வெச்சுக்கணும்னு பாக்குறதுதானே கிழவி, என் வேலை."